வக்கீல் இல்லாமல் நுகர்வோர் வழக்கு: தாள், செலவு, கெடு, நடுவில் வரும் ஆங்கிலம்

வாங்கிய வாஷிங் மெஷின் சில மாதத்திலேயே படுத்துவிட்டது. கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டினார், கம்பெனி சர்வீஸ் சென்டரைக் கை காட்டியது. கடைசியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நானே மனுப் போட்டேன். சட்டம் அவ்வளவு சிரமமாக இல்லை. மனுவைத் திருப்பித் தந்தபோது அதன் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்த வரிதான் படுத்திவிட்டது: ‘காஸ் ஆஃப் ஆக்‌ஷன் நாட் ஸ்டேட்டட். எக்ஸிபிட்ஸ் நாட் மார்க்ட். ப்ரூஃப் அஃபிடவிட் நாட் ஃபைல்ட்.’ பள்ளிக்கூட ஆங்கிலமும் அலுவலக ஆங்கிலமும் தெரிந்தவனுக்கும் இது வேறு பாஷைதான்.

அந்தச் சொற்களில் இருபது தெரிந்தால் போதும், சாதாரண நுகர்வோர் வழக்கை வக்கீல் இல்லாமலே நடத்தலாம். சட்டமும் அதற்கு இடம் தருகிறது. எந்தச் சொல் எந்தத் தாளில், எந்தக் கட்டத்தில் வரும் என்பதையும் சேர்த்தே கீழே சொல்கிறேன். தமிழ்நாட்டு மாவட்ட ஆணையத்தை மனதில் வைத்து எழுதியது இது. ஆனால் சட்டம் இந்தியா முழுக்க ஒன்றுதான்: 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

1. இது நுகர்வோர் வழக்குதானா என்று பாருங்கள்

காசு கொடுத்து, சொந்த உபயோகத்துக்கு வாங்கியிருக்க வேண்டும். மறுவிற்பனைக்கோ வியாபாரத்துக்கோ வாங்கியிருந்தால் ‘கமர்ஷியல் பர்ப்பஸ்’ என்று சொல்லி எதிர்த்தரப்பு மனுவையே தள்ளச் சொல்லும். பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஆட்டோ, தானே தைக்கும் தையல் மெஷின் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அப்படியானால் ‘சுயதொழில் மூலம் பிழைப்பதற்காக வாங்கினேன்’ என்ற வாக்கியத்தை மனுவிலேயே எழுதிவிடுங்கள், பின்னால் சேர்ப்பது தலைவலி.

முழுக்க இலவசமாகக் கிடைத்த சேவைக்கு இங்கே வழக்கு இல்லை. காசு வாங்கும் மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வரும், 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் சரியாக வாதாடவில்லை என்று இங்கே போக முடியாது, அது 2024 மே மாதத் தீர்ப்பு.

இந்த இடத்திலேயே மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். பொருளில் கோளாறு என்றால் ‘டிஃபெக்ட்’. சேவையில் குறை என்றால் ‘டெஃபிஷியன்சி’. பொய் விளம்பரம், பில் தர மறுப்பது, கெட்டுப்போன பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது எல்லாம் ‘அன்ஃபேர் டிரேட் பிராக்டிஸ்’. மெஷின் ஓடவில்லை என்பது முதல் வகை. ஆளை அனுப்புகிறேன் என்று சொல்லி வாரக்கணக்கில் அனுப்பாதது இரண்டாம் வகை. மனுவில் இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ‘அன்ஃபேர் கான்ட்ராக்ட்’ என்று நான்காவதாக ஒன்று இருக்கிறது. ஒப்பந்த நிபந்தனையே அநியாயம் என்று வாதிடுவது அது, மாநில ஆணையத்துக்குத்தான் போகும். மாவட்டத்தில் போடும் மனுவில் அந்தச் சொல்லை அழகுக்காகச் சேர்த்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

பில்லின் அடியில் பொடி எழுத்தில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்றும், ‘சப்ஜெக்ட் டு டெல்லி ஜூரிஸ்டிக்‌ஷன்’ (வழக்கு என்றால் டெல்லியில்தான்) என்றும் இருக்கும். இரண்டையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது சட்டப்படியே முறையற்ற வணிகம். டெல்லி விஷயத்துக்கு மூன்றாம் படியில் வருகிறேன்.

2. கெடுவைக் கணக்குப் போடுங்கள்

‘லிமிடேஷன்’ இரண்டு வருடம். எந்த நாளிலிருந்து? ‘காஸ் ஆஃப் ஆக்‌ஷன்’ எழுந்த நாளிலிருந்து, அதாவது வழக்குப் போடும்படியான காரணம் பிறந்த நாளிலிருந்து. பொருள் வாங்கிய தேதி, முதல் பழுது, கடைசியாகக் கைவிரித்த கடிதம் என்று தேதிகள் பல இருக்கும். எல்லாவற்றையும் எழுதுங்கள், ஆனால் கணக்கை அவற்றில் முந்திய தேதியிலிருந்தே போட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் தாக்கல் செய்துவிட்டால் தகராறே இல்லை.

நிறையப் பேர் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதில் புகார் பதிந்தால் சில கம்பெனிகள் உடனே இறங்கி வரும். செலவும் இல்லை, கட்டாயம் செய்து பாருங்கள். ஆனால் அங்கே புகார் நிலுவையில் இருப்பதால் இரண்டு வருடக் கெடு நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். கம்பெனியோடு மின்னஞ்சலில் பேசிக்கொண்டே இருப்பதாலும் நிற்காது.

கெடு தாண்டிவிட்டால் ‘காண்டனேஷன் ஆஃப் டிலே’ என்று தனி மனுவும் அதற்கு ஓர் உறுதிமொழிப் பத்திரமும் போட வேண்டும். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் கேட்பார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு போன்ற ஆதாரம் இருந்தால் பிழைக்கலாம்.

3. எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம்

பண அளவை ‘பெகூனியரி ஜூரிஸ்டிக்‌ஷன்’ என்பார்கள். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் தேசிய ஆணையம். கொடுத்த தொகைதான் கணக்கு, கேட்கும் நஷ்ட ஈடு கணக்கில் வராது. பழைய சட்டத்தில் இரண்டையும் கூட்டினார்கள். இன்னும் அப்படியே சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

கட்டணமும் அதே தொகையை வைத்துத்தான். 5 லட்சம் வரை ஒரு பைசா கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400, 20 முதல் 50 லட்சம் வரை 1,000. வீட்டு உபயோகப் பொருள் வழக்குகள் பெரும்பாலும் முதல் வரியிலேயே முடிந்துவிடும்.

ஊர் எல்லைக்கு ‘டெரிட்டோரியல் ஜூரிஸ்டிக்‌ஷன்’ என்று பெயர். புதிய சட்டத்தின் பெரிய வசதி இதுதான்: நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ, வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம். கம்பெனி குருகிராமில் இருந்தாலும் நீங்கள் திருநெல்வேலியில் போடலாம், பில்லில் எந்த ஊர் பெயர் அச்சடித்திருந்தாலும் சரி. முகவரிக்கு ஆதார் நகல் வையுங்கள். வாடகை வீட்டில் இருந்து ஆதாரில் சொந்த ஊர் இருந்தால் வாடகை ஒப்பந்தமோ கேஸ் பில்லோ சேர்த்து வையுங்கள். சென்னையில் வடக்கு, தெற்கு என்று இரண்டு ஆணையங்கள் இருக்கின்றன, உங்கள் பகுதி எதில் வருகிறது என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

‘ஆர்பிட்ரேஷன் க்ளாஸ்’ இருக்கிறது, நடுவரிடம்தான் போக வேண்டும் என்று கம்பெனி எழுதும். அந்த நிபந்தனை நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018இலேயே உறுதி செய்துவிட்டது.

4. தாள்களைச் சேருங்கள்

பில், வாரன்டி அட்டை, பணம் கட்டிய ஆதாரம், ஜாப் ஷீட்டுகள் (மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுத் தரும் சீட்டு), மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல், புகார் எண் வந்த குறுஞ்செய்தி. பட்டியல் இவ்வளவுதான், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு சங்கதி இருக்கிறது.

பில் பெரும்பாலும் தெர்மல் தாளில் அடித்தது, வெளிறிப்போகும். வாங்கிய வாரத்திலேயே நகல் எடுத்துவிடுங்கள். பில்லில் கம்பெனியின் முழுப் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கிறதா பாருங்கள். கடைப் பலகையில் ஒரு பெயர் இருக்கும், பில்லில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று முடியும் வேறொரு பெயர் இருக்கும். வழக்கு பில்லில் இருக்கும் பெயர் மேல்தான்.

ஜாப் ஷீட்டை நன்றாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மெக்கானிக் வந்து அரை மணி நேரம் எதையோ கழற்றி மாட்டிவிட்டு, கார்பன் வைத்த புத்தகத்தை நீட்டுவார். கையெழுத்துக் கோட்டுக்கு மேலேயே ‘ப்ராப்ளம் ரிசால்வ்ட், கஸ்டமர் சேட்டிஸ்ஃபைட்’ என்று அச்சடித்திருக்கும். என்னிடம் இருந்த ஜாப் ஷீட்டுகள் எல்லாவற்றிலும் அந்த வரி இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டியதும் அதைத்தான். அந்த வரியை அடித்துவிட்டு, ‘டிரம் இன்னும் சத்தம் போடுகிறது, பழுது தீரவில்லை’ என்று தமிழிலேயே எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். மெக்கானிக் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உங்கள் பிரதியை வாங்காமல் அவரை அனுப்பாதீர்கள், அவர் எதிரிலேயே ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப், மின்னஞ்சல் எல்லாவற்றையும் தேதியும் எண்ணும் தெரியும்படி அச்செடுங்கள். இவற்றுக்கு மின்னணு ஆவணச் சான்று ஒன்றை இணைப்பது நல்லது. முன்பு ‘சிக்ஸ்டிஃபைவ் பி சர்டிஃபிகேட்’ என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்‌ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு அந்த இடத்துக்கு வந்துவிட்டது. பழைய படிவத்தை இணையத்தில் இருந்து இறக்கி அப்படியே ஒட்டாதீர்கள்.

உற்பத்திக் கோளாறு என்று சொல்வதாக இருந்தால், வேறொரு தகுதியுள்ள மெக்கானிக்கிடமோ பொறியாளரிடமோ எழுத்தில் ஓர் அறிக்கை வாங்கி வையுங்கள். அது இல்லையென்றால் ‘எக்ஸ்பர்ட் ஒபீனியன் இல்லை’ என்ற ஒரே வரியில் வழக்கு ஆட்டம் காணும். பரிசோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்தையே கேட்கவும் வழி உண்டு. ஆய்வகக் கட்டணத்தை நீங்கள் முன்பணமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

5. நோட்டீஸ் அனுப்புங்கள்

சட்டம் கட்டாயமாகக் கேட்கவில்லை. ஆனாலும் அனுப்புங்கள். பாதி வழக்கு இங்கேயே தீர்ந்துவிடலாம். வக்கீல் நோட்டீஸாக இருக்க வேண்டியதில்லை, உங்கள் பெயரிலேயே ஒரு பக்கம் போதும்: எப்போது வாங்கினீர்கள், என்ன பழுது, என்ன கேட்கிறீர்கள், 15 நாளுக்குள் பதில் வேண்டும்.

கடைக்கு ஒன்று, தயாரித்த கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு ஒன்று, ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்துக்கும் ஒன்று. பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால் ஸ்பீடு போஸ்ட்டில் போடுங்கள். சேர்ந்த விவரத்தை இந்தியா போஸ்ட் தளத்தில் உடனே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாளாகிவிட்டால் அந்தப் பக்கம் திறக்காது. ரசீதைத் தொலைக்காதீர்கள், அதுவும் ஓர் ஆவணம்.

பதில் வந்தால் தலைப்பில் ‘வித்தவுட் ப்ரெஜுடிஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘சமாதானத்துக்காகச் சொல்கிறோம், இதை எங்கள் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது’ என்று அர்த்தம். அந்தக் கடிதத்தை மட்டுமே நம்பி ‘கம்பெனி தப்பை ஒப்புக்கொண்டது’ என்று மனுவில் எழுதாதீர்கள்.

6. மனு எழுதுங்கள்

தமிழ்நாட்டில் தமிழிலேயே மனுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தட்டச்சு செய்யும் முன் உங்கள் ஆணைய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மொழியில் கொடுத்தாலும் எதிர்த்தரப்பிடம் இருந்து ஆங்கிலம்தான் வரும்.

மேலே ‘காஸ் டைட்டில்’. ஆணையத்தின் பெயர், உங்கள் பெயர் முகவரி, எதிர்த்தரப்பினர் பெயர் முகவரி. வழக்குப் போடுகிற நீங்கள் ‘கம்ப்ளைனன்ட்’, மற்றவர்கள் ‘ஆப்போசிட் பார்ட்டி’. சுருக்கமாக ஓபி ஒன்று, ஓபி இரண்டு என்பார்கள். பிளைன்டிஃப், டிஃபென்டன்ட் என்பதெல்லாம் சிவில் கோர்ட்டு, இங்கே போடக் கூடாது.

யாரையெல்லாம் சேர்ப்பது? கடையையும் சேருங்கள், தயாரிப்பாளரையும் சேருங்கள். சர்வீஸ் சென்டரை மட்டும் இழுத்தால் ‘நான்-ஜாய்ண்டர் ஆஃப் நெசசரி பார்ட்டீஸ்’ என்று எதிர்ப்பு வரும்: சேர்க்க வேண்டியவரைச் சேர்க்கவில்லை என்பது அதன் பொருள். அதே சமயம் விளம்பரத்தில் வந்த நடிகர், மாலின் உரிமையாளர் என்று கூட்டத்தையே இழுத்தால் ‘மிஸ்ஜாய்ண்டர்’. ஒவ்வொருவரும் என்ன செய்யத் தவறினார் என்று ஒரு வரியாவது எழுத முடிந்தால்தான் சேருங்கள்.

அடுத்து நடந்த கதை. பத்திக்குப் பத்தி எண் போட்டு எழுத வேண்டும். ஒரு பத்திக்கு ஒரு சங்கதி, ஒரு தேதி, ஓர் ஆவணம். கோபத்தையெல்லாம் நோட்டீஸிலேயே தீர்த்துவிடுங்கள், இங்கே இப்படி எழுதினால் போதும்:

‘4. மேற்படி இயந்திரம் 12ஆம் தேதி பழுதடைந்தது. அன்றே 2ஆம் எதிர்த்தரப்பினரின் சேவை எண்ணில் புகார் பதிவு செய்தேன். புகார் எண் வந்த குறுஞ்செய்தியின் நகல் எக்ஸ்.ஏ4. 5. 19ஆம் தேதி வந்த பணியாளர் பழுதைச் சரிசெய்யவில்லை. பழுது தீரவில்லை என்று நான் குறிப்பெழுதிய ஜாப் ஷீட்டின் நகல் எக்ஸ்.ஏ5.’

‘எக்ஸிபிட்’ என்பது இதுதான். உங்கள் ஆவணங்களுக்கு எக்ஸ்.ஏ1, ஏ2 என்று வரிசை எண், எதிர்த்தரப்பின் ஆவணங்களுக்கு எக்ஸ்.பி1, பி2. மனுவில் சொன்ன எண்ணும் ஆவணத்தின் தலையில் எழுதிய எண்ணும் பட்டியலில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண் மாறிப்போனால் கவுன்டரிலேயே திரும்பிவிடும்.

கதைக்குப் பின் மூன்று சிறு பத்திகள், தனித் தலைப்போடு: காஸ் ஆஃப் ஆக்‌ஷன் எந்தத் தேதியில் எங்கே எழுந்தது, ஆணையத்தின் பண எல்லைக்குள்ளும் ஊர் எல்லைக்குள்ளும் வழக்கு எப்படி வருகிறது, மனு கெடுவுக்குள் வந்திருக்கிறது. பென்சில் குறிப்பு வராமல் காப்பாற்றுவது இந்த மூன்றும்தான்.

கடைசியில் ‘ப்ரேயர்’. நீங்கள் கேட்பது. எண் போட்டுக் கேளுங்கள்: பொருளின் விலையைத் திருப்பித் தர வேண்டும் அல்லது புதிய பொருள் தர வேண்டும், அந்தத் தொகைக்கு வட்டி, மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடு, வழக்குச் செலவு, ஆணையம் தகுமெனக் கருதும் பிற நிவாரணம். கேட்காததைக் கொடுப்பது அபூர்வம், அதனால் வட்டியைக் கேட்க மறக்காதீர்கள். 30,000 ரூபாய் மெஷினுக்கு 10 லட்சம் நஷ்ட ஈடு கேட்பதால் கட்டணம் கூடாதுதான், ஆனால் உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை குறையும். மன உளைச்சலுக்கு ஒரு தொகை கேட்டால் அதற்கான காரணத்தை மனுவின் உடலில் இரண்டு வரியாவது எழுதியிருக்க வேண்டும்: வீட்டில் கைக்குழந்தை, வெளியே சலவைக்குக் கொடுத்த செலவு, அதற்கு ரசீது.

அடியில் ‘வெரிஃபிகேஷன்’. மேலே சொன்ன பத்திகள் எனக்குத் தெரிந்தவரை உண்மை என்று எழுதி, ஊர், தேதி, கையெழுத்து. இதைத் தவிர மனுவோடு ஓர் ‘அஃபிடவிட்’ தனியாக, நோட்டரி முன்னிலையில். ‘ப்ரூஃப் அஃபிடவிட்’ வேறு. அது உங்கள் சாட்சியம். கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியதைத் தாளில் சத்தியம் செய்து சொல்வது. நுகர்வோர் வழக்கு அஃபிடவிட்டையும் ஆவணங்களையும் வைத்தே நடப்பதால் இதுதான் வழக்கின் முதுகெலும்பு. எந்தக் கட்டத்தில் போட வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முத்திரைத்தாள் வேண்டுமா, வெள்ளைத்தாள் போதுமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். நோட்டரி வாசலில் விற்பவரிடம் கேட்டால் முத்திரைத்தாள் வேண்டும் என்றுதான் சொல்வார்.

7. கட்டுப் போட்டுத் தாக்கல் செய்யுங்கள்

இன்டெக்ஸ், தேதிவாரி நிகழ்வுப் பட்டியல், மனு, அஃபிடவிட், ஆவணப் பட்டியல், ஆவண நகல்கள். இந்த வரிசையில் அடுக்கிப் பக்க எண் போட்டு இடப்பக்கம் நூல் கோத்துக் கட்டுங்கள். பொதுவாக ஆணையத்துக்கு மூன்று கட்டு, எதிர்த்தரப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. உங்களுக்கும் ஒன்று, அதில் தாக்கல் முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். அசல் ஆவணத்தை எதிலும் கட்டாதீர்கள், விசாரணையில் கேட்டால் காட்டினால் போதும்.

செலவு என்று பார்த்தால் ஜெராக்ஸ், தட்டச்சு, நோட்டரி, தபால். 5 லட்சத்துக்கு உட்பட்ட வழக்கில் வக்கீல் வைக்காவிட்டால் பெரிய செலவு ஜெராக்ஸ்தான்.

ஆன்லைனிலும் போடலாம். முன்பு ‘இ-தாக்கில்’ என்ற தளம் இருந்தது, 2025 ஜனவரி 1 முதல் ‘இ-ஜாக்ரிதி’. ஓடிபி வைத்துப் பதிவு செய்து, எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக ஏற்ற வேண்டும். போனில் எடுத்த கோணல் படங்களை ஏற்றினால் ‘நாட் லெஜிபிள்’ என்று திரும்பும், கடையில் கொடுத்து ஸ்கேன் செய்யுங்கள். ஆன்லைனில் போட்டாலும் அச்சுக்கட்டு கேட்கும் ஆணையங்கள் உண்டு. பதிந்த பிறகு அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள்.

குறை இருந்தால் ‘டிஃபெக்ட் மெமோ’ வரும். அதிலும் ஒரு கெடு இருக்கும். சரிசெய்து திரும்பக் கொடுப்பதை ‘ரீப்ரசன்ட்’ பண்ணுவது என்பார்கள். மனுவை ஏற்பதா என்று 21 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். உங்களைக் கேட்காமல் தள்ள முடியாது.

8. விசாரணைக்குப் போங்கள்

மனு ஏற்கப்பட்டதும் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். அவர்கள் தரும் பதிலுக்கு ‘ரிட்டன் வெர்ஷன்’ என்று பெயர். நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் தர வேண்டும், ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள் தரலாம். அந்த 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அடித்துச் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் அதற்கு மேலும் வாய்தா கேட்டால் எழுந்து இதைச் சொல்லுங்கள், ஒரு மெமோவாகவும் எழுதிக் கொடுங்கள். அவர்கள் வரவே இல்லையென்றால் ‘எக்ஸ் பார்ட்டே’, உங்கள் தரப்பை மட்டும் கேட்டு முடிப்பது. அப்போதும் ஆவணம் பலமாக இருந்தால்தான் ஜெயிக்கும்.

ரிட்டன் வெர்ஷனைப் படித்தவுடன் ரத்தம் கொதிக்கும். முதல் பத்தியிலேயே ‘ஃபால்ஸ், ஃப்ரிவலஸ் அண்ட் வெக்ஸேஷியஸ்’ என்று இருக்கும். பொய், அற்பம், தொல்லை கொடுப்பதற்காகவே போட்டது. நிதானமாக இருங்கள், கடன் தவணை வழக்கானாலும் கல்யாண மண்டப வழக்கானாலும் அதே பத்திதான். ‘புட் டு ஸ்ட்ரிக்ட் ப்ரூஃப்’ என்றால் நீங்களே நிரூபியுங்கள் என்கிறார்கள், அவ்வளவுதான். ‘நாட் மெயின்டெய்னபிள்’ என்றால் இந்த மனுவே இங்கே நிற்காது என்கிறார்கள். அடுத்த வரியில் காரணம் இருக்கும், அதற்கு மட்டும் பதில் தயார் செய்யுங்கள். ‘நோ ப்ரிவிட்டி ஆஃப் கான்ட்ராக்ட்’ என்று தயாரிப்பாளர் சொல்வார்: உனக்கும் எனக்கும் நேரடி ஒப்பந்தம் இல்லை, நீ வாங்கியது கடையில். வாரன்டி அட்டை அவர் பெயரில் இருப்பதைக் காட்டுங்கள்.

நிதானமாகப் படிக்க வேண்டிய வார்த்தை ‘அட்மிட்டட்’. எந்தெந்தப் பத்தியை ஒப்புக்கொள்கிறார்கள் என்று அடிக்கோடு போடுங்கள். வாங்கிய தேதியையும் புகார் வந்ததையும் ஒப்புக்கொண்டால் அவற்றை நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. குறிப்பாக மறுக்காமல் தாண்டிவிட்ட பத்திகளையும் குறித்துவையுங்கள். இந்தக் குறிப்புகளை வைத்துத்தான் ‘ரிஜாய்ண்டர்’ எழுத வேண்டும். புதிதாக எதையும் சேர்க்காமல், அவர்கள் சொன்னதற்கு மட்டும் பத்திவாரியாக மறுப்பு.

விசாரணை நாளில் காலையிலேயே போய்விடுங்கள். பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் ‘டிஸ்மிஸ்ட் ஃபார் டிஃபால்ட்’ ஆகிவிடலாம். அதே மாவட்ட ஆணையத்தில் அதை மீட்க முடியாது, மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போக வேண்டும். உடம்பு முடியவில்லை என்றால் முதல் நாளே மெமோ கொடுங்கள், அல்லது எழுத்தில் அதிகாரம் கொடுத்து வீட்டாரை அனுப்புங்கள். காணொளியில் ஆஜராகவும் சட்டம் இடம் தருகிறது, முன்கூட்டியே மனுக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

பேச வராது என்று தயங்காதீர்கள். ‘ரிட்டன் ஆர்கியுமென்ட்ஸ்’ என்று வாதத்தை எழுத்திலேயே தரலாம், மூன்று பக்கம் போதும். அதன் பின் ‘ரிசர்வ்ட் ஃபார் ஆர்டர்ஸ்’ என்றால் இனி உத்தரவுதான் பாக்கி. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும், ஆய்வகப் பரிசோதனை இருந்தால் ஐந்து மாதம் என்கிறது சட்டம். நடைமுறையில் வருடக் கணக்கும் ஆகும், அதற்குத் தயாராகவே போங்கள்.

9. நடுவில் சமரசம் பேச வந்தால்

வருவார்கள். பேசுங்கள், தப்பில்லை. ஆணையமே மீடியேஷனுக்கு அனுப்பவும் வழி இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’ என்ற வரியைத் தேடுங்கள். இருந்தால், அதில் எழுதிய தொகையோடு எல்லாம் முடிந்தது, செலவுத் தொகை அப்புறம் தருகிறோம் என்று வாயால் சொன்னதெல்லாம் காற்றில் போகும். பணம் கணக்கில் ஏறும் முன் வழக்கைத் திரும்பப் பெறும் மெமோவில் கையெழுத்துப் போட வேண்டாம்.

10. உத்தரவு வந்த பிறகு

உத்தரவின் இலவசப் பிரதியை வாங்கி, கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். ‘அலவுட்’ என்றால் கேட்டது கிடைத்தது, ‘பார்ட்லி அலவுட்’ என்றால் ஒரு பகுதி, ‘டிஸ்மிஸ்ட்’ என்றால் தள்ளுபடி. ‘ஜாய்ன்ட்லி அண்ட் செவரலி’ என்று இருந்தால் உங்களுக்கு நல்ல காலம். கடை, கம்பெனி இரண்டில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். எத்தனை நாளுக்குள் கட்ட வேண்டும், தவறினால் எத்தனை சதவீத வட்டி என்பதும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

மேல்முறையீட்டுக்கு இரு தரப்புக்கும் 45 நாள், மாநில ஆணையத்துக்கு. பணம் கட்டச் சொல்லி உத்தரவான கம்பெனி மேல்முறையீடு போனால் பாதித் தொகையை முதலிலேயே அங்கே கட்டியாக வேண்டும். உத்தரவில் தேதி, தொகை போன்ற வெளிப்படையான பிழை இருந்தால் 30 நாளுக்குள் அதே ஆணையத்தில் ‘ரிவ்யூ’ மனுப் போடலாம்.

கெடு முடிந்தும் பணம் வரவில்லை, தடை உத்தரவும் இல்லை என்றால் ‘எக்ஸிக்யூஷன் பெட்டிஷன்’. சுருக்கமாக ஈபி. 71ஆம் பிரிவில் போட்டால் சிவில் நீதிமன்றத் தீர்ப்பைப் போலச் சொத்தை ஜப்தி செய்து வசூலிக்கலாம். 72ஆம் பிரிவில் போட்டால் தண்டனை: ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்கு உத்தரவின் சான்றிட்ட நகல் வேண்டும். உத்தரவு வந்த வாரத்திலேயே ‘காப்பி அப்ளிகேஷன்’ போட்டு வாங்கி வைத்துவிடுங்கள். ஈபி மனுவில் அசல் தொகை, இன்றுவரை வட்டி, செலவுத் தொகை மூன்றையும் தனித்தனி வரியாகக் காட்டி, உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தையும் இணையுங்கள். தொகை ஆணையத்தின் கணக்கில் கட்டப்பட்டால் அதை எடுக்க ‘செக் பெட்டிஷன்’ என்று இன்னொரு சின்ன மனு கேட்பார்கள். அடையாள அட்டை நகலும் பாஸ்புக் முதல் பக்க நகலும் கையோடு கொண்டு போங்கள்.